அனுதாபத்துடன் கவனிக்கப்படும்

பிடிக்காத மனிதரின் பேச்சை நல்ல தமிழில் எடுத்துச் சொல்லுவதைவிடக் கேவலமான வேலை ஒன்று இருந்தால், அதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினியாக இருந்தபோது அந்த வேலை என் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது. கூட்டம் முடிந்ததும் ஒரு ரோஜாப்பூவும் ஒரு சோடாவும் கொடுப்பார்கள்.

துரைமார் கூடிப் பேசும் ஒரு சபையில், கடல் தாண்டிப் பிழைக்க வந்த நம் ஜனங்களுக்காக என்று அரசாங்கம் ஒருவரை உட்கார வைத்திருந்தது. நாங்கள் யாரும் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. எல்லோரும் அவரை மெம்பர் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன், பெயர் வேண்டாம். தமிழர்தான். சின்ன வயதிலேயே சீமைக்குப் போய்ப் படித்து வக்கீலாகத் திரும்பியவர். அவருடைய தமிழ் சமையல்காரனிடம் வெந்நீர் கேட்பதற்கு மேல் போகாது. மேடையில் அவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்லுவேன்.

என்னதான் பேசுவார்? நம் புராதனப் பெருமையைப் பேசுவார். ஒற்றுமையைப் பேசுவார். தாய்மையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைப் பற்றிப் பேச மட்டும் அவருக்கு வாய் வராது. கூரை, சாக்கடை, கூலி, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, இவற்றில் எதையாவது யாராவது கேட்டுவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்து, வலது கையை மெதுவாக இறக்குவார். தூளியில் இருக்கும் குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல இருக்கும் அது. கேட்டவனும் ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

எங்களுக்கு வேண்டியது ஒரு தண்ணீர்க் குழாய்.

என் அக்காவும் அத்தானும் ரயில்வே யார்டுக்குப் பக்கத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார்கள். அத்தானுக்குக் கம்பிச் சடக்கில், அதாவது ரயில் பாதையில், கட்டை மாற்றும் வேலை. நானும் அதே லயத்தில் பிறந்தவள்தான். மிஷன் அம்மாள் ஒருத்தி பிடித்துக்கொண்டு போய்ப் படிக்க வைத்ததால் சேலைக்கு மடிப்பு வைத்துக் கட்டத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். லயம் தண்டவாளங்களுக்கு இந்தப் பக்கம். குழாய் அந்தப் பக்கம், எஞ்சின் கொட்டகை ஓரத்தில். காலையில் கொஞ்ச நேரமும் சாயங்காலம் கொஞ்ச நேரமும் தண்ணீர் வரும். நடுவில் கூட்ஸ் வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கும். ரயில்வே கேட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். ஆகையால் பெண்கள் குடத்தை முன்னால் தள்ளிவிட்டு, நிற்கிற பெட்டிகளுக்கு அடியில் தவழ்ந்து போவார்கள்.

ஒரு காலையில் அக்கா பாதி உடம்பு நுழைந்திருந்தபோது வண்டி அசைந்தது. எங்கேயோ தூரத்தில் எஞ்சின் வந்து இடித்த இடி, பெட்டி பெட்டியாகத் தாண்டி அவள் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது. அவள் பின்பக்கமாகப் பாய்ந்து, அடுத்த கம்பியின்மேல் வயிறு படும்படி விழுந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். ஆண் பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. விசாரணை என்று ஒன்று நடந்தது. போகக் கூடாத இடத்தில் போனாள் என்று எழுதி முடித்தார்கள். குழாயை எதற்காகப் போகக் கூடாத இடத்தில் வைத்தார்கள் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

மறு வருஷம் அக்காவுக்கு மறுபடியும் வயிறு தெரிந்தது. அப்போதும் அவள் தவழ்ந்துதான் போய் வந்தாள். அத்தான் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுவார். அண்டை அயலில் எடுத்துத் தரலாம், தந்தார்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு வேண்டிய தண்ணீரை எத்தனை நாளைக்குப் பிறத்தியாள் எடுத்துத் தருவாள்? சனிக்கிழமை நான் போகும்போதெல்லாம் அவள் முழங்காலில் கருங்கல் ஜல்லி கிழித்த கோடுகள் புதிதாக இருக்கும். ஒரு பைப்பைத் தண்டவாளத்துக்கு அடியில் இந்தப் பக்கம் இழுத்துவிட்டால் தீர்ந்தது. சபையில் எழுந்து நின்று ஒருவர் கேட்டால் போதும் என்று நான் நம்பினேன்.

மாதர் முன்னேற்றம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். மெம்பர்தான் பேச்சாளர். லயத்துப் பெண்கள் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பேச்சு முடிந்ததும் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். வெற்றிலை போட்ட வாய், பயமறியாத வாய்.

"ஐயா, லயத்துப் பக்கம் ஒரு பைப்பு வேணும். நீங்க கேட்டுக் குடுப்பீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். மெம்பர் கண்ணை மூடினார். கை இறங்கியது. நீரானது நாகரிகத்தின் தாய் என்றார். அதனால்தான் நம் முன்னோர்கள் நதிக்குப் பெண் பெயர் வைத்தார்கள் என்றார். கடைசியில், இந்த விஷயம் அரசாங்கத்தால் அனுதாபத்துடன் கவனிக்கப்படும் என்று அர்த்தம் வரும் ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினார். நானும் இலக்கணம் பிசகாமல் அதைத் தமிழில் சொன்னேன்.

லயத்து ஜனங்களுக்கு 'அனுதாபம்' என்ற வார்த்தை ஒரே ஒரு வகையில்தான் தெரியும். ரயில்வேயில் யாராவது செத்தால், நம் ஜனங்களின் சங்கத்துக்காரர்கள் கூடி அனுதாபக் கூட்டம் போடுவார்கள். அதில் ஓர் ஆபீஸ் கிராணி எழுந்து அனுதாபத் தீர்மானம் வாசிப்பார். மற்றபடி அந்த வார்த்தை லயத்துக்குள் வந்ததே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அனுதாபமா? ஐயோ, யாரு செத்தது?"

"பைப்புதான் செத்துப்போச்சாம் லா," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

சிரிப்பு வெடித்தது. அக்காகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெம்பருக்கு என்ன புரிந்ததோ, அவரும் சேர்ந்து சிரித்துக் கும்பிட்டார். கீழே இறங்கும்போது, "அழகாக மொழிபெயர்க்கிறாய். பார், எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்!" என்று என்னை மெச்சினார். சோடாவை நான் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கிள்ளானில் தோட்டத்து ஜனங்களிடம் பேச அவர் போனபோது என்னையும் கூப்பிட்டார்கள். ரயிலில் கூடவே போய்வரலாம், தனியாகக் கேட்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். அங்கே ஒரு கங்காணி எழுந்து, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டாயில் அவர்களுக்குப் பால் நின்று போனதைச் சொன்னான். கண் மூடியது, கை இறங்கியது, அதே வாக்கியம் வந்தது. ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. பாலும் குழாயும் அவருக்கு ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேள்வி எதுவாக இருந்தால் என்ன, பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வருகிற மனிதர்.

திரும்பும் வழியில் கேட்டேவிட்டேன். "சார், நீங்கள் குழாயைப் பற்றிச் சபையில் கேட்கப்போகிறீர்களா, இல்லையா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாக விளக்கினார். "இதோ பாரம்மா, இன்று குழாய் என்பார்கள். நாளைக்குச் சாக்கடை, மறுநாள் கக்கூஸ். குழாய் என்று இறங்கினால் அதற்கு முடிவு ஏது? எத்தனை அங்குலக் குழாய், எங்கே வைப்பது, யார் செலவு, ஒன்று பிசகினால் என் பெயர் கெடும். பொதுவாழ்வில் இருப்பவன் லட்சியங்களோடு நிற்க வேண்டும்." அவர் என்னிடம் உண்மையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலத் தண்ணீர் நேரம். வண்டி யார்டை ஒட்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக நான் கையைக் காட்டினேன். கூட்ஸ் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு குடம் வெளியே வந்தது, அதன் பின்னால் ஒரு கை, பின் ஒரு தலை. "அங்கேதான் சார் என் அக்கா பிள்ளையைப் பறிகொடுத்தாள். இப்போது மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள்," என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்தார். ஏதோ உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இறங்கியது உண்மைதான். அடுத்த கூட்டத்திலேயே அது வெளியே வந்தது. காஜாங்கில் ஒரு பரிசளிப்பு விழா. "இரும்புச் சக்கரங்களுக்கு நடுவே குடம் சுமந்து தவழும் நம் தாயை நான் என் கண்ணால் கண்டேன்! அவள் தைரியம் அல்லவா நம் குலத்தின் தைரியம்!" என்று முழங்கினார். அதைத் தமிழில் நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். கூட்டத்தில் இருந்த கனவான்கள் கைதட்டினார்கள். ஒரு குழாய் வராமல் போனதற்கு அவருக்கு ஒரு நல்ல உவமை கிடைத்துவிட்டது. அன்றைக்கு எனக்குள் ஏதோ கெட்டுப்போனது. இந்த மனிதரைச் சபை நடுவே கூனிக் குறுக வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். குழாய் வாங்குவது இரண்டாவதாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்; அப்படி ஒரு ஆத்திரம்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. அரசாங்கம் மெம்பருக்கு ஏதோ பட்டம் கொடுத்தது. சங்கத்தார் யார்டை ஒட்டிய திடலில் பந்தல் போட்டு வரவேற்பு வைத்தார்கள். ரயில்வேயின் பெரிய துரை வருகிறார், அவருக்கு மேலே இருக்கும் ஒரு துரையும் துரைசாணியோடு வருகிறார் என்றார்கள். லயத்துப் பெண்களுக்கு வரவேற்புப் பாட்டு ஒன்று சொல்லிக்கொடுத்து மேடையேற்றும் பொறுப்பு என்னுடையது.

நான் லயத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரிதான் பிடித்துக்கொண்டாள். "அனுதாபம்னு சொன்னாருல்ல? எழவு வீட்டுக்கு வந்தவரு வெறுங்காதோட போகலாமா? வச்சிருவோம் ஒப்பாரி."

விழா நாளில் எல்லாம் வரவேற்புப் பாட்டுக்கு உரிய அலங்காரந்தான். தலை நிறையப் பூ, கையில் தாம்பாளம். அக்காவும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். நான் தலையாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி இழுத்தாள்.

"கம்பி ரோட்டோரம்
கால்கடுக்கக் காத்திருந்தோம்,
வருவேன்னு சொன்ன பைப்பே
வழியிலயே மாண்டாயோ!"

இரண்டாவது அடியிலேயே பந்தலில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் ராகம் புரிந்துவிட்டது. சங்கத்துச் செயலாளர் பாதி எழுந்தார். துரைமாரைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டார்கள். மெம்பர் ஒருவர்தான் நிம்மதியாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். துரைசாணி அவர் பக்கம் சாய்ந்து என்ன பாட்டு என்று கேட்டாள். "நதிகளையும் தாய்மையையும் போற்றும் புராதன வரவேற்புப் பாடல்," என்று அவர் கூசாமல் சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஆனந்தப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

நாங்கள் பேசிவைத்தது அவ்வளவுதான். நாலு அடி கேலி, பிறகு ஒரு கும்பிடு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி நிறுத்தின இடத்தில் அக்கா தொடங்கினாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காத அடிகள்.

"பொறக்காமப் போனவனே,
பேருவைக்க நேரமில்ல,
பாலு கட்டி நின்ன மாரு
பாரம் இன்னும் தீரலியே!"

பிறக்காமல் போன பிள்ளைக்கு எங்கள் ஜனங்கள் ஒப்பாரி வைப்பதில்லை. அழுதால் அடுத்தது தங்காது என்று வாயை அடைத்துவிடுவார்கள். அத்தான் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், மறுநாள் அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள், அத்தோடு சரி. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் வயிற்றுக்குள் கிடந்தது அந்தப் பந்தலில் வெளியே வந்தது. மற்றப் பெண்கள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். நானும் அழுதேன். எனக்கு விளையாட்டு மறந்து போயிற்று.

துரைசாணி எழுந்து நின்றுவிட்டாள். "யாரும் யாரையும் இப்படி வரவேற்க மாட்டார்கள்," என்று மெம்பரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பெண் என்ன சொல்லுகிறாள்?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடி அடியாகச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட அலங்கரிக்கவில்லை. இது சாவுப் பாட்டு அம்மணி. வராத குழாய்க்குப் பாடினார்கள். இவள் தன் பிள்ளைக்குப் பாடுகிறாள். குழாய் வந்திருந்தால் பிள்ளை இருந்திருக்கும். மெம்பரிடம் கேட்டோம், அனுதாபத்துடன் கவனிக்கப்படும் என்றார்.

"எந்தக் குழாய்? எங்கே?" என்றாள் துரைசாணி.

அத்தனை நாளில் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் கையை நீட்டினேன். பந்தலிலிருந்தே கூட்ஸ் பெட்டிகள் தெரிந்தன. பெரிய துரை தனக்கு மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சிவந்து போனார். அவருக்கு இரக்கம் பொங்கிவிட்டது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். போகக் கூடாத இடத்தில் போனாள் என்று எழுதியதே அவர் ஆபீஸ்தான். மேலதிகாரியின் சம்சாரம் கேட்டுவிட்டாளே என்ற நடுக்கம், வேறு ஒன்றும் இல்லை. அவர் திரும்பி மெம்பரிடம், "உங்களுக்கு இது தெரியுமா?" என்றார். மெம்பர் கண்ணை மூடினார். கை பாதி இறங்கி அந்தரத்தில் நின்றுவிட்டது. நான் பசி தீர அதைப் பார்த்தேன்.

சங்கத்துச் செயலாளர் என்னைத் தெருவில் வைத்து ஏசினார். பள்ளித் தலைமை அம்மாள் கூப்பிட்டுக் கண்டித்தாள். போகட்டும். அக்காவுக்கு மாதம் முற்றுவதற்குள் தண்டவாளத்துக்கு அடியில் பள்ளம் தோண்டிப் பைப்பு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

திறந்து வைக்க வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? மெம்பரேதான். தம் விடாமுயற்சியின் பலன் என்று பத்திரிகைக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிட்டார். நான் நின்று தமிழில் சொன்னால்தான் லயத்துப் பெண்கள் வருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் ஆள் விட்டிருந்தார். நான் போனேன். எழுதிக்கொண்டு வந்த பேச்சைக் கையில் பிடித்தபடி அவர் குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. பெண்கள் அக்காவைத்தான் முதலில் பிடிக்கச் சொன்னார்கள். அவள் நிறை வயிற்றோடு குனிய முடியாமல் குனிந்து குடத்தை வைத்தாள்.

மெம்பருக்கு அது போதவில்லை. பத்திரிகைக்காரர் பக்கத்தில் நிற்கிறாரே, அவள் வாயால் ஒரு நன்றி வந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டிருக்கிறது. "இப்போது அவளுக்குத் திருப்திதானா என்று கேள்," என்றார் என்னிடம்.

நான் கேட்டேன்.

அக்கா நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "வயித்துல இருக்கறவனுக்குத் தண்ணி வந்துருச்சு. சந்தோசம். போனவன என்னைக்குக் கொண்டாந்து குடுப்பாருன்னு கேளு. நாளச் சொல்லச் சொல்லு."

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பத்திரிகைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னேன். மெம்பருக்கு நான் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே நல்லது அதுதான்.

மெம்பர் கையிலிருந்த பேச்சைப் பார்த்தார். குடம் நிறைந்து வழிந்து அவர் பூட்ஸை நனைத்தது. அவர் நகரவில்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவர் பக்கத்திலேயே, அவர் என்ன சொன்னாலும் தமிழில் சொல்லத் தயாராக, காத்துக்கொண்டு நின்றேன்.